காய்ச்சல் நீங்கிய பின்புதான் பணிவிடை

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, 4.2.2024. வாசகங்கள்: யோபு 7:1-4, 6-7, 1 கொரிந்தியர் 9:16-19, 22-23, மாற்கு 1:29-39)



இன்றைய நற்செய்தி நம்மை ஒரு வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறது. கப்பர்நாகும் ஊரில் சீமோனும் அந்திரேயாவும் வாழ்ந்த வீடு அது. அன்று ஓய்வுநாள். தொழுகைக்கூடத்தை விட்டு வெளியே வந்த இயேசு, நேராக அந்த வீட்டுக்கு வருகிறார். கூடவே யாக்கோபும் யோவானும் வருகிறார்கள். வீடு நிறைய விருந்தாளிகள். ஆனால் அவர்களைக் கவனிக்க வேண்டிய அம்மா, சீமோனின் மாமியார், காய்ச்சலோடு படுத்திருக்கிறார். வீட்டார் அதை மறைக்கவில்லை. உடனே இயேசுவிடம் சொல்லிவிடுகிறார்கள். அவர் அருகில் போகிறார், கையைப் பிடிக்கிறார், தூக்கி எழுப்புகிறார். காய்ச்சல் விடுகிறது. அதன்பின் அந்த அம்மா எல்லாருக்கும் பணிவிடை செய்கிறார்.

இந்தப் பகுதியை விளக்கும்போதெல்லாம் நாம் கடைசியில் வரும் பணிவிடையைத்தான் பிடித்துக்கொள்கிறோம். "பாருங்கள், குணம் பெற்றவுடனே பணி செய்ய எழுந்துவிட்டார், நாமும் அப்படி இருக்க வேண்டும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது சரிதான். ஆனால் இன்று அந்த நிகழ்ச்சி நடந்த வரிசையைச் சற்றுக் கவனிப்போம். காய்ச்சல் வந்தது, அவர் படுத்தார். வீட்டில் போதகரே வந்திருக்கிறார் என்பதற்காக யாரும் அவரை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பவில்லை. இயேசுவும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. முதலில் அவருடைய காய்ச்சலைப் பார்த்தார். காய்ச்சல் நீங்கிய பிறகுதான் பணிவிடை தொடங்கியது.

இந்த வரிசையை நாம் எங்கே மாற்றிவிட்டோம் என்பதைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

அடுத்த ஞாயிறு பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். புனித இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டு ஏற்படுத்தியபடி, 1993 முதல் அந்த நாளைத் திருஅவை உலக நோயாளர் நாளாகக் கொண்டாடி வருகிறது. அன்று நம் பங்குகளில் நோயுற்றோருக்குப் பூசுதல் வழங்குவோம். மருத்துவமனைகளுக்குச் சென்று கட்டிலில் கிடப்பவர்களைச் சந்திப்போம். இந்த ஆண்டு நம்மிடம் ஒரு வேண்டுகோள். கட்டிலில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கட்டிலருகே நிற்பவரையும் ஒருமுறை பாருங்கள். மருந்து தட்டோடு நிற்கும் அந்தச் செவிலியருக்கும் அன்று காய்ச்சல் இருக்கலாம்.

எங்கள் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு தனியார் மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்கு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பாராட்டு வைத்திருந்தோம். பொன்னாடை போர்த்தினோம். வாழ்த்து மடல் வாசித்தோம். அதில் ஒரு வரி: இந்த 31 ஆண்டுகளில் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. கோவிலே அதிரும்படி எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வரியை எழுதியவர்கள் நாங்கள்தான். நல்லது என்று நினைத்துத்தான் எழுதினோம்.

பிறகு தேநீர் கொடுக்கும் இடத்தில் அந்த அம்மா எங்களிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாமி, அந்த வரியை மட்டும் வாசிக்காம விட்டிருக்கலாம்." ஏனம்மா என்று கேட்டோம். சொன்னார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். அப்போது அவருக்குப் பிரசவ வார்டில் பணி. மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும். அன்று இரவுப் பணி. அவரும் வராவிட்டால், பகல் முழுவதும் நின்ற இன்னொரு பெண் இரவும் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கைக்குழந்தை. மருத்துவமனைக்குப் போன் செய்து, "உடம்பு முடியல" என்றாராம். மேலே இருந்தவர் சொன்ன பதில்: "மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்துடுங்க. ஆள் இல்லை." இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி பேருந்து ஏறிப் போனார். இரவு முழுவதும் பச்சிளங்குழந்தைகளைத் தூக்கித் தாய்மாரிடம் கொடுத்தார். நான்காம் நாள், அந்த வார்டில் ஒரு குழந்தைக்கு இருமல் வந்தது, மூச்சுத் திணறல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள்.

"எங்கிட்ட இருந்து வந்துச்சா, பார்க்க வந்த சொந்தக்காரங்கக்கிட்ட இருந்து வந்துச்சா, எனக்குத் தெரியாது சாமி. பிள்ளை பிழைச்சுக்கிச்சு. இப்ப காலேஜ் படிக்கிற வயசு இருக்கும். ஆனா நீங்க அந்த வரியை வாசிச்சப்போ, எல்லாரும் கைதட்டினப்போ, எனக்கு அந்தப் பிள்ளை முகம்தான் தெரிஞ்சுது."

அன்பார்ந்தவர்களே, அன்று அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்றைய மறையுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சிதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அந்த அம்மா குற்றவாளி அல்ல. அவரை அன்று அந்த வார்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திய கைகள் பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கை, உடன் பணியாற்றுபவர்மீதுள்ள இரக்கம். "நான் வராவிட்டால் இன்னொருத்தி சாக வேண்டும்" என்பதுதான் செவிலியர் பலரின் மனத்தில் ஓடும் கணக்கு. இந்தியச் செவிலியர் கழகம் ஒரு விதி வகுத்திருக்கிறது: மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர். அதற்கு மேல், விடுப்பில் போகிறவர்களின் இடத்தை நிரப்ப 30 விழுக்காடு கூடுதல் ஆட்கள். அதாவது, செவிலியரும் மனிதர், அவருக்கும் நோய் வரும், அன்று வேறொருவர் வேண்டும் என்பதை விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நம்மில் எத்தனை பேர், ஒரே செவிலியர் இருபது முப்பது கட்டில்களுக்கு இடையே ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்! கூடுதல் ஆள் இல்லாத வார்டில் ஒருவருடைய விடுப்பு இன்னொருவருடைய தலையில்தான் விழும். அது தெரிந்த பெண், காய்ச்சலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

இரண்டாம் கை, பணம். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். சில இடங்களில் மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் ஊக்கத்தொகை என்று ஒன்று உண்டு. ஒரு நாள் தவறினால் அதுவும் போகும். கல்விக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். ஊரில் அப்பாவின் மருந்துச் செலவு இருக்கும். உச்சநீதிமன்றம் 2016ஆம் ஆண்டு சனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 கட்டில்களுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் பங்கிலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அந்தத் தொகை கைக்கு வருகிறது என்று.

மூன்றாம் கை, அச்சம். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற அச்சம். அசல் சான்றிதழ்களை மருத்துவமனையிடம் கொடுத்துவிட்டு நிற்பவர்களுக்கு, எதிர்த்துப் பேசினால் திரும்பக் கிடைக்குமா என்ற அச்சம். "நர்ஸுக்கே காய்ச்சலா?" என்று கேலியாகக் கேட்கும் மேற்பார்வையாளரின் குரலுக்கும் அச்சம்.

நான்காம் கை, நோயாளிமீதுள்ள பாசம். "அந்தத் தாத்தா என்கிட்டதான் ஊசி போட்டுக்குவார்", "அறுவை சிகிச்சை முடிஞ்ச அந்தப் பொண்ணு என்னைத்தான் தேடும்" என்று சொல்லும் செவிலியர்கள் இருக்கிறார்கள். இது பொய்யில்லை. இந்தப் பாசம் இல்லாவிட்டால் நம் மருத்துவமனைகள் வெறும் கட்டடங்கள்.

ஐந்தாம் கை நம்முடையது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோமே, அந்தக் கை.

இது நம் ஊரில் மட்டும் இருக்கும் நிலை என்று எண்ண வேண்டாம். சுவீடன் நாட்டில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, நோயோடு வேலைக்குப் போவது எந்தத் தொழில்களில் அதிகம் என்று ஆராய்ந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் நோயாளிகளையும் முதியோரையும் கவனிப்பவர்களும் ஆசிரியர்களும். தான் இல்லாவிட்டால் வேலை அப்படியே குவிந்து கிடக்கும் என்ற நிலையில் இருப்பவர்களே அதிகம் அப்படிப் போகிறார்கள் என்றும் அது கண்டது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர்கள், உயர்நிலைச் செவிலியர்கள் முதலிய 536 பேரிடம் கேட்டறிந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயோடு வேலைக்கு வருவது நோயாளிகளுக்கு ஆபத்து என்று 95 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆனால் முந்தைய ஓராண்டில் ஒரு முறையாவது அப்படி வந்ததாக 83 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் சொன்ன காரணம், உடன் பணியாற்றுபவர்களைக் கைவிட மனமில்லை என்பதுதான். தெரியாமல் செய்வதல்ல இது. தெரிந்தும், வேறு வழி இல்லை என்று நம்பிச் செய்வது.

விளைவு என்ன? தொற்று பரவுவது ஒன்று. இன்னொன்று நம் கண்ணுக்குப் படுவதில்லை. நோயாளிகளைத் தூக்கித் திருப்பி இடுப்பு வலியோடு வாழும் செவிலியர்கள் ஏராளம். மனச்சோர்வோடு சிரித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் செவிலியர்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இத்தகைய வலியோடும் மனச்சோர்வோடும் பணி செய்யும்போது மருந்து கொடுப்பதில் தவறுகளும் நோயாளிகள் கீழே விழுவதும் கூடுவதைக் காட்டியது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. காய்ச்சலில் நமக்கு வீட்டுச் சாவி எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகிறது. அந்த நிலையில் ஒருவர் நம் அம்மாவுக்கு இன்சுலின் அளவைப் பார்த்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

இனி இன்றைய வாசகங்களுக்கு வருவோம். முதல் வாசகத்தில் யோபு பேசுகிறார். மனித வாழ்க்கை கூலியாளின் நாள்களைப் போல இருக்கிறது என்கிறார். நிழலுக்கு ஏங்கும் வேலையாளைப் பற்றியும், கூலிக்குக் காத்திருப்பவரைப் பற்றியும் பேசுகிறார். விடியுமா விடியுமா என்று இரவெல்லாம் புரளும் நோயாளியாகத் தம்மையே காட்டுகிறார். வேலையாளின் களைப்பும் நோயாளியின் இரவும் ஒரே வாசகத்தில், ஒரே மனிதரின் வாயில் வருகின்றன. நோயோடு இரவுப் பணியில் நிற்கும் செவிலியருக்கு இந்த வாசகத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு, டூட்டி அறை நாற்காலியில், தலையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கும்போது அவர் யோபுவின் அருகில்தான் உட்கார்ந்திருக்கிறார். கவனியுங்கள்: யோபு முணுமுணுத்ததற்காகக் கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை. "முடியவில்லை" என்று சொல்வதும் இறைவேண்டல்தான் என்று யோபு நூல் நமக்குக் கற்பிக்கிறது.

இரண்டாம் வாசகத்தில் புனித பவுல், நற்செய்தியைக் கைம்மாறு வாங்காமல் அறிவிப்பதே தமக்குக் கைம்மாறு என்கிறார். இந்த இடத்தில்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "இது சேவைத் தொழில், சம்பளத்தைப் பற்றியும் விடுப்பைப் பற்றியும் பேசக்கூடாது" என்று சொல்வதற்கு இந்த வாசகத்தைப் பயன்படுத்திவிடக்கூடாது. இதே அதிகாரத்தின் முற்பகுதியைத் திறந்து பாருங்கள். போர்வீரர், திராட்சைத் தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, உழைப்பவருக்கு ஊதியம் பெற உரிமை உண்டு என்று பவுல் உறுதியாக வாதாடுகிறார். அந்த உரிமையை நிலைநாட்டிய பிறகுதான், தம்முடைய பங்கைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். தம்முடையதை விட்டுக்கொடுப்பது தியாகம். மற்றவருடையதைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது அநீதி. பவுல் வலுவற்றவர்களோடு வலுவற்றவரானார் என்றும் இன்று கேட்டோம். வலுவற்ற நிலையில் இருப்பவரை வலுவுள்ளவராக நடிக்கச் சொல்லும்படி அவர் நம்மிடம் கேட்கவில்லை.

புனிதர்கள் நோயோடு பணி செய்யவில்லையா என்று சிலர் கேட்கலாம். செய்தார்கள். நோயாளர்க்கும் செவிலியர்க்கும் பாதுகாவலரான புனித கமில்லஸ் தெ லெல்லிஸ், ஆறாத கால் புண்ணோடு வாழ்நாள் முழுவதும் உரோமை நகர நோயாளிகளுக்குப் பணி செய்தவர். 1614ஆம் ஆண்டு இறந்தார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், கிரிமியப் போர் நடந்தபோது 1855ஆம் ஆண்டு மே மாதம் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அப்படியும் ஊர் திரும்ப மறுத்துவிட்டார். ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதியை நாம் சொல்வதில்லை. அந்த நோயின் தொல்லை அவரை விடவில்லை. பிற்காலத்தில் பல ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். தாமே விரும்பித் தோளில் ஏற்ற சிலுவை அது. அதைக் காட்டி, இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம், காய்ச்சல் என்றாலும் வந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது.

இப்போது நற்செய்தியின் கடைசிப் பகுதி. அன்று மாலை, கதிரவன் மறைந்ததும், நகர் முழுவதும் அந்த வீட்டு வாசலில் கூடுகிறது. இயேசு பலரைக் குணமாக்குகிறார். இது அவருடைய இரவுப் பணி. மறுநாள் விடியுமுன் எழுந்து, தனிமையான இடத்துக்குப் போய் இறைவனிடம் வேண்டுகிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்கிறார்கள். அந்தக் குரலில் சிறிது குற்றச்சாட்டும் இருக்கிறது. வார்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பைப் போல இல்லையா? "ஆள் இல்லை, உடனே வாங்க." இயேசு என்ன செய்கிறார்? கப்பர்நாகுமுக்குத் திரும்பி ஓடவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். வாசலில் இன்னும் நோயாளிகள் இருந்திருப்பார்கள். ஆனாலும் அவர் இறைவேண்டலுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். கடவுளின் மகனே, ஒரு மனித உடலை எடுத்த பிறகு, அந்த உடலின் எல்லையை மதித்தார். நாம் அவரைவிடப் பெரியவர்கள் இல்லையே!

அன்பார்ந்தவர்களே, 2024ஆம் ஆண்டின் உலக நோயாளர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட கருப்பொருள், மனிதர் தனியாக இருப்பது நல்லதல்ல என்று கடவுள் படைப்பின் தொடக்கத்தில் சொன்னதைப் பற்றியது. அவருக்குச் செவிலியர்கள்மீது தனி அன்பு இருந்தது. இளைஞராக இருந்தபோது அவருடைய நுரையீரலின் ஒரு பகுதியை அகற்ற வேண்டிய அளவுக்கு நோய் முற்றியது. மருத்துவர் சொன்ன மருந்தின் அளவு போதாது என்று தம் அனுபவத்தால் உணர்ந்து, அதைக் கூட்டிக் கொடுத்துத் தம் உயிரைக் காப்பாற்றியவர் ஒரு செவிலியர் அருள்சகோதரி என்று அவரே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். அன்று அந்தச் சகோதரி தலைசுற்றலோடு, கண் எரிச்சலோடு நின்றிருந்தால், அந்த இளைஞரின் முகத்தைக் கூர்ந்து பார்த்திருக்க முடியுமா?

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி மாலை, மருத்துவப் பணியாளர்களுக்காக வாசலில் நின்று கைதட்டினோம். தட்டுகளைத் தட்டி ஓசை எழுப்பினோம். மே மாதத் தொடக்கத்தில் மருத்துவமனைகள்மீது ஹெலிகாப்டரிலிருந்து மலர் தூவினார்கள். கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து நின்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் 2022ஆம் ஆண்டின் கடைசி நாளோடு, நம் மாநிலத்தில் கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நின்றது. அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பின்னர் மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. கைதட்டலும் மலரும் நல்லவை. ஆனால் நோயுற்ற நாளில் சம்பளம் போகாமல் படுக்க ஒரு பாய், தன் இடத்தில் நிற்க ஒரு கை, இவைதான் ஒரு செவிலியருக்கு உண்மையான மரியாதை.

நல்ல சமாரியர் உவமையில் வரும் சத்திரக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். சமாரியர் புறப்பட்ட பிறகு அடிபட்டவரைக் கவனிக்க வேண்டியிருந்தவர் அவர்தான். சமாரியர் அவரிடம், இது புண்ணியம், சும்மா பார்த்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை. இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அது அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். இரக்கம் உள்ளவர், தம் இரக்கத்தின் செலவை மற்றவர் தலையில் கட்டுவதில்லை.

அப்படியென்றால் நாம் என்ன செய்யலாம்? சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

மருத்துவமனை நடத்துகிறவர்களே, குறிப்பாகத் திருஅவையின் பெயரால் மருத்துவமனை நடத்தும் எங்கள் சகோதரர்களே, சகோதரிகளே, முதலில் எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம். பணிப் பட்டியல் போடும்போது விடுப்புக்கான கூடுதல் ஆட்களையும் சேர்த்துப் போடுவோம். நோய்க்காக எடுக்கும் விடுப்பை ஊக்கத்தொகையோடு முடிச்சுப் போடாதிருப்போம். யாருடைய அசல் சான்றிதழையும் பூட்டி வைக்காதிருப்போம். பொறுப்பை மாற்றிக்கொள்ளும் நேரத்தில், நோயாளிகளின் நிலையைக் கேட்பதோடு, "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வியும் கேட்போம். அதைக் கேட்கப் பணம் செலவாகாது.

செவிலியராகப் பணியாற்றும் சகோதரிகளே, சகோதரர்களே, மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லும் அறிவுரையை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தால், மாத்திரை இல்லாமலே காய்ச்சல் நின்று 24 மணி நேரம் ஆகும்வரை வார்டுக்குள் போக வேண்டாம். வாந்தி பேதி என்றால், நின்ற பிறகும் 48 மணி நேரம் காத்திருங்கள். கண்வலி, அம்மை இவற்றுக்கும் அப்படியே. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள். இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்றவர்களுக்கு, நோயுற்ற நாள்களுக்காக ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. உடன் பணியாற்றும் பெண் விடுப்புச் சொன்னால், முகம் சுளிக்காமல் அவள் இடத்தில் நில்லுங்கள். நாளை அவள் உங்கள் இடத்தில் நிற்பாள்.

செவிலியர் உள்ள குடும்பத்தாரே, இரவுப் பணி முடிந்து வந்தவரைத் தூங்க விடுங்கள். வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் அவரைத் தேடுகிறோம். அவருக்கு நோய் வந்த நாளில் கஞ்சி வைத்துக் கொடுக்க நாம் அடுப்படிக்குப் போவோம். கணவர்களுக்கு இது தனியாகக் கேட்கட்டும்.

நோயாளிகளைப் பார்க்கப் போகும் நாம் எல்லாரும், நமக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால் அன்று போக வேண்டாம். போனில் பேசினால் போதும். ஊசி போட ஐந்து நிமிடம் தாமதமானால் குரலை உயர்த்த வேண்டாம். அவரை நாம் "சிஸ்டர்" என்றுதானே அழைக்கிறோம்? சொந்தச் சகோதரி காய்ச்சலோடு நின்றால் என்ன சொல்வோமோ, அதையே அவரிடமும் சொல்வோம்.

கடைசியாக, அந்த அம்மாவுக்கு நாங்கள் சொல்ல வேண்டியிருந்த பதில். அன்று சொல்லத் தெரியவில்லை. இந்த வானொலி அவருடைய வீட்டில் ஒலிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அம்மா, அந்த வரியை எழுதியதற்காக எங்களை மன்னியுங்கள். 31 ஆண்டுகளில் நீங்கள் தூக்கிக் கொடுத்த குழந்தைகளின் கணக்கு ஆண்டவரிடம் இருக்கிறது. அந்த மழைக்கால இரவும் அவரிடம் இருக்கிறது. அதில் உங்கள் பங்கு எவ்வளவு, உங்களை வரச் சொன்னவர்களின் பங்கு எவ்வளவு, கைதட்டிய எங்கள் பங்கு எவ்வளவு என்பதை அவர் அறிவார். அடுத்த ஞாயிறு நோயுற்றோருக்கான பூசுதலுக்கு நீங்களும் வாருங்கள். முன்வரிசையில் இடம் வைத்திருப்போம். இத்தனை ஆண்டுகள் நீங்கள் மற்றவர்களின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தீர்கள். அன்று உங்கள் நெற்றியில் எண்ணெய் பூசப்படட்டும்.

மன்றாடுவோம். சீமோனின் மாமியாரைக் கைப்பிடித்துத் தூக்கிய ஆண்டவரே, இன்றிரவு நோயோடு பணிக்குப் புறப்படும் செவிலியர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்தருளும். அவர்கள் "முடியவில்லை" என்று சொல்லும் துணிவையும், அதைக் கேட்டு நம்பும் மனத்தை எங்களுக்கும் தாரும். முதலில் நலம், பின்பு பணி என்று நீர் காட்டிய வழியில் எங்கள் மருத்துவமனைகளும் இல்லங்களும் நடக்கச் செய்தருளும். லூர்து அன்னையே, நோயுற்றோரின் ஆரோக்கியமே, நோயுற்றோரைக் கவனிப்போருக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.